துண்டு முனையில் முடிந்த வெல்லம்

தம்பியைத் தூக்குவதற்கு முன்னால் வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். அப்போது அத்தை மகள் கையில் ஒரு துண்டு வெல்லத்தோடு வந்தாள். குனிந்து அவன் வாயில் வைக்கப் போனாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வெல்லம் பந்தல் காலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. எல்லாரும் பார்த்தீர்கள்.

"இன்னாடி இது? சாவு ஊட்ல இப்டியா நடந்துக்குவாங்க? வெல்லம்னா அவனுக்கு உசுரு. போற வாய்க்கு ஒரு துண்டு வெச்சா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றாள்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் கேட்டது. "குடிகாரன் பெத்த புள்ள. வேற எப்டி பொறக்கும்? அக்காகாரியும் அரப் பைத்தியம்தான்."

பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் என் வயசு. நம்ம தெருவில் என்னோடு ஓடி விளையாடியவர்கள். ஒருத்தரும் "அப்படிச் சொல்லாதே" என்று சொல்லவில்லை. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அஞ்சாவதோடு நின்றவள். எழுதத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

முதல் விஷயம். தம்பி அப்படிப் பிறக்கவில்லை.

ரெண்டாவது. நைனா குடித்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்கு மீன்காரம்மாவை ஞாபகம் இருக்கும். பழவேற்காட்டிலிருந்து கூடையோடு வருவார். தெருமுனையிலேயே குரல் வந்துவிடும். "எறா... நண்டே... எறா..." என்று கடைசியில் இழுப்பார். தம்பிக்கு அப்போது மூணு வயசு தாண்டியிருக்கும். அம்மாவின் பழைய புடவைத் துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி கத்திக்கொண்டு வருவான். ஒரு நாள் உண்மையாகவே ரெண்டு வீட்டில் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டார்கள்.

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாடா, என் பொழப்புல மண்ணப் போட வந்துட்டியா? வா, கூடைய நீயே தூக்கு."

"உன் எறா நாறுது. நான் தூக்க மாட்டேன்" என்றான்.

தெருவே சிரித்தது. அத்தை மகளே, நீயும் சிரித்தாய். உன் பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். அந்தப் பிள்ளைதான் இவன்.

அந்த வருஷம் மழை சரியில்லை. கழனி வேலை நின்றுபோனது. கவரைப்பேட்டைப் பக்கம் ரயில் பாதைக்கு அந்தாண்ட ஒரு ஷெட் போட்டார்கள். அப்போது தொழிற்பேட்டை எஸ்டேட் எல்லாம் கிடையாது. சுற்றிக் காடும் கருவேலமும். நடுவில் அந்த ஷெட். மேலே சிமெண்ட் ஷீட், மூணு பக்கம் சுவர் இல்லை. ஈய ஷெட்டு என்று சொல்வோம். லாரியில் பழைய பேட்டரி வந்து இறங்கும். பஸ்ஸில் போட்டது, லாரியில் போட்டது, எல்லாம் செத்துப்போன பேட்டரி. அதைச் சம்மட்டியால் உடைப்பார்கள். உள்ளே இருக்கும் ஆசிட்டைப் பக்கத்துப் பள்ளத்தில் கவிழ்ப்பார்கள். தகட்டைக் கையால் பிடுங்கி எடுத்துத் தட்டுவார்கள். சாம்பல் மாதிரித் தூள் கொட்டும். பிறகு கரி போட்டு உருக்கி, மேலே மிதக்கிற கசடை அள்ளிவிட்டு, பாளமாக ஊற்றுவார்கள்.

நம்ம தெரு ஆம்பளைகள் பெரும்பாலும் அங்கேதான் போனார்கள். மாசம் தவறாத கூலி என்று எல்லாருக்கும் பெருமை. நைனா முதல் நாள் திரும்பி வந்தபோது தலை முடியெல்லாம் நரைத்த மாதிரி இருந்தது. அம்மா சிரித்தாள். "இன்னாய்யா, காலைல போவும்போது கொமரனா போன, கெயவனா வந்துக்கிற."

நைனாவும் சிரித்தார். அவர் லுங்கியில் சின்னச் சின்ன ஓட்டை. ஆசிட் பட்ட இடம். ரெண்டு மாசத்தில் அந்த லுங்கி சல்லடை மாதிரி ஆனது. அம்மா ஒட்டுப்போட்டாள். ஒட்டிலும் ஓட்டை விழுந்தது.

அங்கே கை கழுவத் தண்ணீர் கிடையாது. குடிக்க ஒரு பானை. அதுவும் உருக்குகிற இடத்துக்குப் பக்கத்தில், மூடி இல்லாமல். சோப்பு கிடையாது. கையுறை கிடையாது. ஆனால் வெல்லம் உண்டு.

வேலை முடியும்போது மேஸ்திரி தகர டின்னோடு வருவார். ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம். தூசி நெஞ்சில் தங்காது, வெல்லம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பார். நான் கஞ்சித் தூக்கைத் திரும்ப வாங்கப் போன நாளில் காதால் கேட்டிருக்கிறேன். "மொதலாளிக்கு உங்க மேல எவ்ளோ பாசம் பார்த்தீங்களாடா? எந்த கம்பெனில வெல்லம் குடுக்கறான், சொல்லு?"

எந்த அப்பனும் அந்த வெல்லத்தை அங்கே தின்னவில்லை. வீட்டில் பிள்ளை இருக்கிறவன் எப்படித் தின்பான்? காலையிலிருந்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்ப்பார்கள். அதால்தான் முகம் துடைத்திருப்பார்கள், கழுத்து துடைத்திருப்பார்கள், கையும் துடைத்திருப்பார்கள். அந்தத் துண்டின் முனையில் வெல்லத்தை வைத்து ஒரு முடிச்சு. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அந்த நேரத்துக்கு நாம் எல்லாரும் புளிய மரத்தடியில் நிற்போம். உங்கள் நைனா வந்தால் நீங்கள் ஓடுவீர்கள். எங்கள் நைனா வந்தால் தம்பி ஓடுவான்.

நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்ப்பார். அவர் முடிச்சில் கை வைத்தவுடனே தம்பி வாயைத் திறந்துவிடுவான். குருவிக் குஞ்சு மாதிரி. கண்ணை மூடிக்கொள்வான். வெல்லத்தின் மேல் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா முந்தானையால் ஒரு தடவை துடைப்பாள். அவ்வளவுதான். வெல்லம் என்றால் மண்ணும் தூசும் இருக்கும், யார் பார்த்தார்கள்.

தின்று முடித்தபிறகு அவன் துண்டின் முனையையும் வாயில் போட்டுச் சப்புவான். அதில் இனிப்பு ஊறியிருக்கும். நைனா சிரிப்பார். "துண்டையே துன்னுடுவான் போலக்கீது."

எனக்கு அப்போது ஒன்பது வயசு. நானும் கேட்பேன்.

"நீ பெரிய பொண்ணு கண்ணு. அவன் குட்டி. வுட்டுக் குடு" என்பார் நைனா.

நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவேன். பேட்டரியின் காலிப் பெட்டி. எல்லா வீட்டிலும் ஒன்று ரெண்டு இருந்தது. ஒருத்தர் வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்கள், ஒருத்தர் வீட்டில் குளிக்க உட்காரும் மணை. அம்மா அதில் மண் போட்டுக் கீரை விதைத்தாள். முதல் தடவை முளைத்ததெல்லாம் கருகிப்போனது. மண்ணை மாற்றி மறுபடி விதைத்தாள். வந்தது. கடைந்து சாப்பிட்டோம்.

வெல்லம் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அது ஓரவஞ்சனை. இன்றைக்கு இதை எழுத எனக்கு மூளை மிஞ்சியிருக்கிறது. ஏன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நைனாவுக்கு முதலில் வயிற்று வலிதான் வந்தது. சாதாரண வலி இல்லை. கம்பளியைச் சுருட்டி வயிற்றில் அமுக்கிக்கொண்டு தரையில் சுருண்டு கிடப்பார். நாலு நாள், அஞ்சு நாள் வெளிக்குப் போகாது. முகம் வெளுத்துப்போனது. பீடி பற்ற வைத்துவிட்டுத் துப்புவார். "பீடி கூட இனிக்குதுடி. இன்னா எயவோ" என்பார்.

ஊரில் வைத்தியம் பார்த்த கம்பவுண்டரிடம் போனார். நானும் கூட இருந்தேன். கம்பவுண்டர் அவர் வயிற்றில் கை வைக்கவில்லை. முகத்துக்குக் கிட்டே வந்து மோந்து பார்த்தார்.

"நேத்து எவ்ளோ ஊத்தின?"

"நான் குடிக்கறதில்ல கம்பவுண்டரே."

"வர்றவன் எல்லாம் அதத்தான் சொல்றான். சாராயம் தானா வந்து வாய்ல பூந்துக்கிச்சா?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரோஸ் கலரில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார். நைனா அதை வாங்கிக்கொண்டு வந்தார்.

அது கவர்மெண்டே சாராயக் கடை திறந்திருந்த காலம். ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கடை. தெருவில் ஆம்பளைகள் விழுந்து எழுந்து வருவார்கள். அதனால் யார் தடுமாறினாலும் காரணம் ஒன்றுதான். நைனாவுக்குக் கால் பின்ன ஆரம்பித்தது. பிறகு கை. ஒரு காலையில் அம்மா கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். லோட்டா கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய கையோ என்கிற மாதிரி.

அத்தை பக்கத்து வீடு. நைனாவுக்கு மூத்தவர். படலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"காலைலயே கை நடுங்குதாடா தம்பி? கடை தொறக்கறதுக்கு இன்னும் நேரம் கீதே" என்றார்.

"யக்கா, சொம்மா இரு. நான் தொட்டதே இல்ல, உனக்குத் தெரியாதா?"

"எனக்கு இன்னா தெரியும்? கல்யாணம் ஆயி தனி ஊட்ல கீறவன். நான் உன் வாய்ல கீறனா?" பிறகு அம்மாவிடம்: "ஏ பொண்ணு, கம்பெனில வெல்லம் எதுக்குக் குடுக்கறான்? வாடை தெரியக் கூடாதுன்னுதான். அது கூடவா தெரில உனக்கு?"

அந்தப் பேச்சு அம்மாவுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வாசலில் நிற்பாள். "ஊது" என்பாள். நைனா ஊதுவார். பீடி வாடையும் ஷெட்டின் கரி வாடையும்தான் வரும். அம்மாவுக்கு நம்பிக்கை வராது. இன்னொரு தடவை ஊதச் சொல்வாள். தெருப் பிள்ளைகள் நீங்கள் அதைப் பார்த்து விளையாட்டாக்கினீர்கள். ஒருத்தன் வருவான், ஒருத்தி ஊதச் சொல்வாள், அவன் தள்ளாடி விழுவான். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆடி மாசம் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். குடியை விடுகிறவர்களுக்கு அங்கே பூசாரி கயிறு கட்டுவார். மஞ்சளில் நனைத்த கயிறு, வலது மணிக்கட்டில். கட்டிவிட்டால் தொடக் கூடாது. தொட்டால் கண் போய்விடும் என்பார்கள். அன்றைக்கு வரிசையாக ஆம்பளைகள் நின்றார்கள். பாதிப் பேர் அப்போதே போட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

நைனாவின் முறை வந்தது.

"குடிக்காதவன் கைல கட்டினா அம்மன் இன்னா நெனைக்கும் பூசாரி?" என்று கேட்டார்.

"மொத தபா வர்றவன் எல்லாம் இதான் கேக்கறான். கைய நீட்டு" என்றார் பூசாரி.

நைனா கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்கி அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இவன் தலைல கைய வெச்சி சொல்லுய்யா. இனிமே குடிக்க மாட்டன்னு சொல்லு. எனக்காவ இல்ல, இந்தப் புள்ளைக்காவ."

நைனா ரொம்ப நேரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு தம்பி தலையில் கையை வைத்தார். "இனிமே குடிக்க மாட்டேன்" என்றார். இன்னொரு கையை நீட்டினார். பூசாரி கட்டினார்.

அம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்தது. நைனாவுக்கு வரவில்லை.

அந்த வருஷத்திலேயே கவர்மெண்ட் கடைகளை மூடிவிட்டது. குடிக்கிறவர்கள் கொஞ்ச நாள் நடுங்கினார்கள், கத்தினார்கள், பிறகு தெளிந்தார்கள். நைனாவின் கை மட்டும் தெளியவில்லை. கடை திறந்திருந்தபோது இருந்ததை விட மோசமாகத் தொங்கியது. மணிக்கட்டை மேலே தூக்கவே முடியாது. இதை ஒருத்தராவது யோசிக்க வேண்டாமா? கடையே இல்லாத ஊரில் ஒருத்தன் எதைக் குடித்துத் தடுமாறுவான்? யோசிக்கவில்லை. அத்தை சொன்னார்: "எங்கயோ கள்ளச் சரக்கு புடிச்சிட்டான்."

அதோடு முடிந்தது. அடுத்த நாள் தெருவே அதைச் சொன்னது.

இதற்குள் தம்பியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. நைனாவைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. சோறு வேண்டாம் என்பான். வாந்தி எடுப்பான். மூலையில் உட்கார்ந்து நைனாவின் பழைய துண்டு முனையைச் சப்பிக்கொண்டிருப்பான். ஒரு நாள் மீன்காரம்மா வந்தார்.

"எங்கடா என் கூட்டாளி? இன்னிக்கு நீ கூவு, நான் கேக்கறேன்."

தம்பி அவரைப் பார்த்தான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மீன்காரம்மா கூடையிலிருந்து ஒரு நண்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். அவன் வேறு பக்கம் பார்த்தான். அந்தம்மா அம்மாவைப் பார்த்து, "புள்ளைக்கு உடம்பு சரியில்ல. பாரும்மா" என்று சொல்லிவிட்டு, கூவாமலே போனார்.

அடுத்த வாரம் இழுப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அத்தை ஓடி வந்து கையில் சாவிக்கொத்தை வைத்தார். வேப்பிலை அடித்தார்கள். மாந்தம் என்றார்கள், காத்து என்றார்கள். கம்பவுண்டர் இந்தத் தடவை பயந்துவிட்டார். "மெட்ராசுக்கு எடுத்துக்கினு போ. பெரியாஸ்பத்திரில காட்டு. அப்டியே அப்பனையும் காட்டு. குடிய நிறுத்த மாத்திரை குடுப்பான்."

காலை வண்டியில் நாலு பேரும் போனோம். போர்டு படிக்க என்னையும் கூட்டிப் போனார்கள். நைனா துண்டில் முந்தின நாள் வெல்லம் இருந்தது. வழியில் பிள்ளை அழுதால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர். தம்பியின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். அவன் வீறிட்டான். நைனாவுக்குப் பழக்கம். உடனே துண்டின் முனையைப் பிடித்தார். விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தான்.

டாக்டரம்மா நைனாவின் கையைப் பார்த்தார்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"அது சொம்மா, கொஞ்ச நாளா இப்டி தொங்கிக்கினு கீதும்மா."

அம்மா முந்திக்கொண்டாள். "குடிதாம்மா. கயிறு கூட கட்டியாச்சு. அப்பவும் வுட மாட்டன்றாரு."

"நான் அவரைக் கேட்டேன்" என்றார் டாக்டரம்மா. நைனாவிடம் திரும்பினார். "குடிப்பீங்களா?"

"இல்லம்மா."

"சரி. என்ன வேலை?"

நைனா நிமிர்ந்து பார்த்தார். அவர் இல்லை என்று சொன்னதற்கு ஒருத்தர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"பேட்டரி ஒடைக்கறதும்மா. ஈயம் உருக்கறது."

டாக்டரம்மா எழுந்து வந்தார். நைனாவின் உதட்டை விரலால் கீழே இழுத்துப் பார்த்தார். ஈறு ஓரமாகப் பல்லை ஒட்டி ஒரு நீலக் கோடு. நாங்கள் அதைப் பீடிக் கறை என்று நினைத்திருந்தோம். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி வெல்லத்தை வாய்க்குக் கொண்டுபோனான். டாக்டரம்மா திரும்பினார். பார்த்தார். பட்டென்று அவன் கையைத் தட்டிவிட்டார்.

வெல்லம் பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. தம்பி கத்தினான். அம்மாவுக்குக் கோபம். "புள்ள துன்றத ஏம்மா தட்டற?"

டாக்டரம்மா குனிந்து அதை எடுத்தார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். சாம்பல் கலரில் கோடு விழுந்தது.

"இது தினமும் குடுப்பீங்களா?"

"தினமும்தாம்மா" என்றார் நைனா. "கம்பெனில குடுக்கறது. எனக்கு எதுக்கு? புள்ளைக்குத்தான்."

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு உட்கார்ந்து, எனக்கே புரிகிற மாதிரிச் சொன்னார். அந்தத் தூள் விஷம். மூச்சில் போகும், கையில் ஒட்டிச் சோற்றோடு போகும். நரம்பைக் கெடுக்கும், வயிற்றைக் கெடுக்கும், ரத்தத்தைக் கெடுக்கும். பெரியவர்களை விடச் சின்னப் பிள்ளைகளுக்கு மோசம். வெல்லம் எதையும் அடித்துக்கொண்டு போகாது.

அம்மா கேட்டாள். "அப்ப புள்ளைக்கு வந்தது?"

"இருக்கலாம்" என்றார். "நிச்சயமா சொல்ல இங்க வசதி இல்லம்மா. ஆனா இருக்கலாம்."

அந்த ஒரு சொல்லை நான் இத்தனை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

தம்பியைக் கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்தார்கள். இழுப்பு நின்றது. பேச்சு வரவில்லை. நைனாவை அந்த வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள்.

ரயிலில் திரும்பி வந்தோம். பொன்னேரி தாண்டியது. அம்மா திடீரென்று நைனாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அவர் கையைத் தூக்க முடியாமல் அப்படியே விட்டார். அம்மா குனிந்து அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்தாள். சுலபமாக அறவில்லை. கடித்துக் கடித்து இழுத்தாள். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆற்றுப் பாலம் வந்தபோது அறுந்தது. ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டாள்.

"கண்ணு பூடும்டி" என்றார் நைனா.

"போனா போவட்டும்" என்றாள் அம்மா.

அடுத்த நாள் நைனா ஷெட்டுக்குப் போனார். வேலைக்கு இல்லை. மற்றவர்களிடம் சொல்ல. அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். நாங்கள் போனபோது மேஸ்திரி டின்னை வைத்துக்கொண்டு வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா, ஆஸ்பத்திரி நாஷ்டா எப்டி? நல்லா போட்டானா?" என்றார்.

நைனா அவரைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்துச் சொன்னார். "டேய், இந்த வெல்லத்த ஊட்டுக்கு எடுத்துக்கினு போவாதீங்க. இங்கயும் துன்னாதீங்க. கைல கீற தூளு விஷமாம். புள்ளைங்களுக்கு ஆவாது. என் புள்ளய பாத்தீங்க இல்ல?"

ஒருத்தன் தன் கையில் இருந்த வெல்லத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் அங்கே எல்லாரும் நின்றார்கள். இப்போதும் எனக்கு அந்த நிமிஷம் தெரிகிறது. மேஸ்திரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். டின்னைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நைனாவின் வலது கையைப் பிடித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கினார்.

"கயிறு எங்கடா?"

நைனா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"ஆடில கட்டின கயிறு எங்கடா? அறுத்துக்கினு மறுபடியும் ஊத்திக்க ஆரம்பிச்சிட்டியா? பாருங்கடா, ஃபுல்லா ஏத்திக்கினு வந்து நமக்குப் புத்தி சொல்றான்."

"டாக்டரம்மா சொன்னாங்க..."

"எந்த டாக்டரம்மா? காட்டுல காய்ச்சி விக்கறாளே, அவளா?"

சிரித்தார்கள். மேஸ்திரி கையை விட்டார். அது பொத்தென்று தொங்கியது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். வெல்லத்தைப் பார்த்தானே, அவனும் சிரித்தான். அதைத் துண்டில் வைத்து முடிந்தான்.

சிரித்தவர்களில் உங்கள் நைனாக்கள் இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. வேலை போய்விடும் என்கிற பயம் இருந்தது. எனக்கு அது இப்போது புரிகிறது. புரிகிறது, அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் ரயில் பாதை ஓரம் நைனா நின்றார்.

"தம்பி மீனு விப்பானே, அது மாதிரி ஒரு தபா கூவு கண்ணு."

நான் முயற்சி செய்தேன். "எறா... நண்டே..." எனக்கு அந்த இழுப்பு வரவில்லை. நைனா தலையாட்டிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப வருஷம் இல்லை. உடம்பு வீங்கி, மூத்திரம் நின்று, போய்ச் சேர்ந்தார். குடித்துக் குடித்து ஈரல் போச்சு என்று சொன்னீர்கள். அம்மா மறுத்துப் பார்த்தாள். சாமி கயிற்றைக் கடித்தவள் பேச்சை யார் கேட்பது? கடைசிக் காலத்தில் அவளுக்குக் கண் மங்கியது. வயசானால் மங்கும். அதற்கும் அத்தை ஒரு காரணம் வைத்திருந்தார்.

ஷெட் நாலைந்து வருஷத்தில் இடம் மாறியது. எஸ்டேட் வந்தது, ரோடு வந்தது. அந்த இடத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். கறுப்புப் பெட்டிகள் எங்கே போயின தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். நம்ம தெருவில் இழுப்பு வந்தது தம்பிக்கு மட்டுமா? உங்கள் வீட்டில் ஒரு தங்கச்சி அஞ்சு வயசில் போனாளே. வாத்தியார் மக்கு மக்கு என்று பெஞ்சு மேல் ஏற்றினாரே, உன் அண்ணன், ரெண்டாம் வகுப்பையே தாண்டாதவன். பேர் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும். அவர்களைப் பெற்றவர்கள் எல்லாம் குடிகாரர்களா? உங்கள் வீட்டுத் துண்டிலும் முடிச்சு இருந்தது.

ஈயம்தான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடி என்று அடித்துச் சொன்னது யார்? எந்த டாக்டர்? அதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினீர்கள். அம்பது வருஷம் நம்பினீர்கள். பந்தலில் உட்கார்ந்துகொண்டு இன்னும் நம்புகிறீர்கள்.

தம்பி என்னோடுதான் இருந்தான். குளிப்பாட்டினேன், ஊட்டினேன். கல்யாணம், பிள்ளை என்று அவனுக்கு எதுவும் இல்லை. பேச்சு திரும்பவே இல்லை. ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. யார் எதை அவிழ்த்தாலும் வாயைத் திறப்பான். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்தால் திறப்பான். கடைக்காரர் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தால் திறப்பான். தலை நரைத்தபிறகும் திறந்தான். கண்ணை மூடிக்கொள்வான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வெல்லம்னா உசுரு என்பார்கள்.

நான் வீட்டில் வெல்லம் வாங்குவதில்லை. பொங்கலுக்கும் இல்லை.

அன்றைக்குப் பந்தலில் வெல்லத்தைத் தட்டிவிட்ட பிறகு, அக்காதான் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அரிசியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். மெதுவாகத்தான் அவிழ்த்தேன்.

அவன் வாயைத் திறக்கவில்லை.